நிலத்தின் அடியில் வேலி இல்லை

சில ஆண்டுகளுக்கு முன், கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கூட்டுறவுச் சங்கத்தை நாம் பார்வையிட நேர்ந்தது. கடன் பதிவேட்டில் மூன்று இனங்கள் தவணை தவறி நின்றன. முதல் அங்கத்தினர் தம் தோட்டக் கிணற்றை ஆழப்படுத்தக் கடன் பெற்றிருந்தார். மறு ஆண்டில் அடுத்த தோட்டத்து அங்கத்தினர் அதே நோக்கத்திற்காகக் கடன் பெற்றார். அதற்கும் மறு ஆண்டில் முதலாமவரே கிணற்றுக்குள் துளையிட இரண்டாம் முறை கடன் பெற்றார். மனு, ஜாமீன், அடங்கல் நகல், நிர்வாகக் குழுவின் தீர்மானம் ஆகிய யாவும் ஒழுங்காகவே இருந்தன.

தோட்டங்களுக்கு நேரில் சென்று பார்த்தோம். இரு கிணறுகளுக்கும் இடையே 300 அடி தூரமும் ஒரு வேலியுமே இருந்தன. முதலாமவர் ஆழப்படுத்தியதும் இரண்டாமவரின் கிணறு வற்றிற்று. இரண்டாமவர் ஆழப்படுத்தியதும் முதலாமவரின் கிணறு வற்றிற்று. "புதிதாக நீர் வரவில்லை, ஐயா, இருந்த நீர்தான் இடம் மாறிற்று" என்றார் அங்கிருந்த பெரியவர் ஒருவர்.

கடன் மூன்று, நீர் ஒன்றே. சங்கத்தார் ஏடுகளைப் பார்த்தனர். நாமும் ஏடுகளையே பார்த்தோம். நிலத்தின் அடியில் இருப்பதை எவரும் பார்க்கவில்லை. அன்று நாம் கற்ற பாடத்தையே இம்மாதப் பாடமாக அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

நீர் எங்கே தங்குகிறது?

நிலத்தின் அடியில் ஆறு ஓடுகிறது என்றும், பெரிய குளம் தேங்கி நிற்கிறது என்றும் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான இடங்களில் உண்மை அதுவன்று. நூற் சிட்டத்தை நீரில் நனைத்து எடுத்தால், இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் தங்குவதை நெசவாளர் அறிவர். நிலத்தடியிலும் அவ்வாறே மணல்களின் இடைவெளிகளிலும் பாறைகளின் வெடிப்புகளிலும் நீர் தங்குகிறது. இவ்வாறு நீரைத் தாங்கி, கிணற்றுக்கு வேண்டிய அளவில் விட்டுக்கொடுக்கும் அடுக்கை நீர்தாங்கி என்பர்.

ஆகவே, ஓரிடத்தில் எவ்வளவு நீர் கிடைக்கும் என்பதை அங்குள்ள பாறையின் இயல்பே தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 100-க்கு 73 பங்கு கடினப் பாறை நிலம். எஞ்சியது, பெரும்பாலும் கடற்கரையை ஒட்டிய படிவு நிலம். முன்னதைப் பாறை நாடு என்றும் பின்னதை மணல் நாடு என்றும் வசதிக்காக அழைப்போம்.

பாறை நாடு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் முதலிய மாவட்டங்கள் பாறை நாட்டைச் சேர்ந்தவை. இங்குள்ள பாறைகள் மிகப் பழமையானவை. அவற்றுள் பல 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இவற்றுள் ஒருவகைக் கருங்கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கங்களிலும் இக்கல் உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை இக்கல்லால் ஆனது. அதனால் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893-இல் இதற்கு அவர் பெயரை இட்டார்.

இக்கல்லின் உடலுக்குள் நீர் புகாது. வெயிலும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தாக்கியதால் மேற்பகுதி மக்கிச் சுக்கானாகவும் கப்பியாகவும் மாறியுள்ளது. இம்மக்கிய பாறையிலும், அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே நீர் தங்குகிறது. பெரும்பாலான இடங்களில் மக்கிய பாறையின் தடிப்பு 20, 30 மீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்குக் கீழே செல்லச் செல்ல, மேலுள்ள பாறையின் பாரத்தால் வெடிப்புகள் இறுகுகின்றன, எண்ணிக்கையிலும் குறைகின்றன.

"ஆழமாகச் சென்றால் நீர் கிடைத்தே தீரும்" என்னும் நம்பிக்கை பாறை நாட்டில் எவ்வளவு ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். 1,000 அடித் துளையில் செலவு பன்மடங்கு கூடுகிறது. நீர் கிடைக்கும் வாய்ப்போ குறைகிறது. எங்கேனும் ஒரு வெடிப்பில் நீர் அகப்பட்டாலும், அது பெரும்பாலும் பல்லாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பழைய நீராக இருக்கும். அதை எடுப்பது, வட்டியைச் செலவிடாமல் மூலதனத்தையே எடுத்து உண்பதற்கு ஒப்பாகும்.

ஒரு சிறு கணக்கு

அங்கத்தினர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை எனக் கொண்டால், ஒரு ஏக்கரில் விழும் மழைநீர் ஏறத்தாழ 28 லட்சம் லிட்டர். இவ்வளவும் கிணற்றுக்கு வருவதில்லை. பெரும்பகுதி ஆவியாகிறது, பயிரும் மரமும் ஒரு பகுதியைக் குடிக்கின்றன, ஒரு பகுதி ஓடையில் ஓடிவிடுகிறது. கடினப் பாறை நிலத்தில் 100-க்கு 10 பங்கு அளவே நிலத்தடிக்குச் சேர்வதாகப் பொதுவில் கணக்கிடுவர். அதாவது, ஒரு ஏக்கரின் ஆண்டு வரவு 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒரு முறை நீர் பாய்ச்சினால் 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஒரு பயிருக்கு 20 முறை பாய்ச்சினால் 40 லட்சம் லிட்டர் ஆகிறது. அதில் கால் பங்கு மீண்டும் நிலத்துள் இறங்கிவிடுவதாகக் கொண்டாலும் நிகரச் செலவு 30 லட்சம். ஒரு ஏக்கர் தோட்டப் பயிர், ஏறத்தாழ 11 ஏக்கர் நிலத்தின் மழை வரவை உண்கிறது என்பதே இதன் பொருள்.

அந்தப் பதினொரு ஏக்கரும் அந்த அங்கத்தினருக்கே சொந்தமாக இருப்பது அரிது. மீதி நீர் யாருடையது? வேலிக்கு அப்பால் இருப்பவருடையது. அவரும் தம் ஒரு ஏக்கருக்கு அதே பதினொரு ஏக்கரை நம்பி மோட்டார் வைத்திருக்கிறார். நாம் கண்ட இரு கிணறுகளின் கதை இதுவே.

மணல் நாடு

இனி, கிழக்கே காவிரிப் படுகைக்குச் செல்வோம். ஒரு காலத்தில் இந்தியா, அண்டார்க்டிகா முதலிய நிலப்பகுதிகள் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அப்பெருநிலம் பிளந்தபோது, நமது கிழக்குக் கரையோரம் உழவுசால்களைப் போன்ற ஆழ்ந்த பள்ளங்களாக இறங்கிற்று. அவற்றினிடையே பாறை மேடுகள் எஞ்சி நின்றன. அப்பள்ளங்களில் கடல் புகுந்தது. களியும் மணலும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்தன. சில இடங்களில் இப்படிவு 5,000 மீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புடையது. இன்று கடலிலிருந்து வெகு தூரத்தில் உள்ள அரியலூர் வட்டாரத்தில், சுருண்ட கடற்சிப்பிகள் கல்லாகிக் கிடைப்பது பழைய கடலுக்குச் சான்று.

இப்படிவுகளின் மேற்பகுதியில் உள்ள மணலும் மணற்கல்லும் சிறந்த நீர்தாங்கிகள். 10 மீட்டர் தடிப்புக்கு நீர் ஊறிய மக்கிய பாறை, 100-க்கு 2 பங்கு நீர் தருமெனில், ஓர் ஏக்கரின் கீழ் 8 லட்சம் லிட்டர் கிடைக்கும். அதே தடிப்புள்ள மணல் 15 பங்கு தருமெனில் 60 லட்சம் லிட்டர் கிடைக்கும். பாறை நாட்டாரின் இருப்பு சிறு பெட்டி. மணல் நாட்டாரின் இருப்பு களஞ்சியம்.

களஞ்சியமும் குறையக்கூடியதே என்பதற்கு நெய்வேலி ஓர் எடுத்துக்காட்டு. 1930-களில் அங்கே ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, நீரோடு கரும்பழுப்புப் பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் நிறுவனம் அமைந்து, 1957-இல் சுரங்க வேலை தொடங்கியது. நிலக்கரி அடுக்கின் கீழே, களி அடுக்கால் மூடப்பட்டு, அழுத்தத்துடன் நிற்கும் நீர்தாங்கி ஒன்று உண்டு. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை இருந்தது. இவ்வழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தளமே வெடித்து நீர் பொங்கிவிடும். ஆதலால் இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே நிலக்கரி எடுக்க வேண்டியதாயிற்று. முன்பு மோட்டார் இன்றித் தானே பொங்கி வழிந்த சுற்றுப்புறக் கிணறுகள் பல, பின்னர் அவ்வியல்பை இழந்தன. ஓரிடத்தில் எடுத்த நீரின் குறைவு பல கல் தொலைவில் தெரிந்தது.

கடற்கரை அங்கத்தினர்களுக்கு வேறோர் எச்சரிக்கையும் உண்டு. கரையோர மணலில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர்கள் கண்ட விதி. அதே விதி மறுபுறமும் செல்லும். அளவு மீறி இறைத்து நன்னீர் மட்டத்தை ஓர் அடி இறக்கினால், நாளடைவில் உப்புநீர் 40 அடி மேலேறும். ஒருமுறை உப்பேறிய கிணற்றை மீட்பது எளிதன்று.

எரிவாயு எங்கிருந்து வருகிறது?

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களின் அங்கத்தினர்கள் எரிவாயுக் கிணறுகளை நேரில் கண்டவர்கள். பழங்கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களும் செடிகொடிகளின் சிதைவுகளும் களியோடு புதைந்து, மிக ஆழத்தில் வெப்பத்தால் எண்ணெயாகவும் மீத்தேன் முதலிய வாயுக்களாகவும் மாறின. நீரைவிட இலேசானவையாதலால் அவை மேலே ஏறின; மணற்கல்லின் இடைவெளிகளில் புகுந்தன. மேலே அவை ஊடுருவ இயலாத களிப்பாறை கூரைபோல் கவிந்திருந்த இடங்களில் அவை சிறைப்பட்டன. அங்கே வாயு மேலும், எண்ணெய் நடுவிலும், உப்புநீர் கீழுமாக நிற்கும். வாயுத் தேக்கம் என்பது வெற்றுக் குகையன்று. அதுவும் நூற் சிட்டத்தில் நீர்போல, கல்லின் இடைவெளிகளில் தங்கியிருப்பதே.

நரிமணம் பகுதியில் எண்ணெய் எடுக்கப்பட்டு, அங்கே 1993-இல் சுத்திகரிப்பு ஆலையும் இயங்கத் தொடங்கியது. கோவில்களப்பால், குத்தாலம், இராமநாதபுரத்தை அடுத்த வழுதூர் ஆகிய இடங்களில் எரிவாயுவால் மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் அமைந்தன.

நீருக்கும் வாயுவுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றை மறக்கலாகாது. நீர் மழையால் ஆண்டுதோறும் ஓரளவு நிரம்புகிறது. வாயு கோடிக்கணக்கான ஆண்டுகளின் சேமிப்பு, எடுத்தால் எடுத்ததுதான். வாயுத் தேக்கம் பொதுவாக நன்னீர் அடுக்குக்கு வெகு கீழே இருப்பினும், துளை நன்னீர் அடுக்கை ஊடுருவியே செல்கிறது. ஆகையால் இரும்புக் குழாய் இறக்கி, குழாய்க்கும் நிலத்திற்கும் இடையே சிமெண்டால் அடைக்கின்றனர். அவ்வடைப்பு பழுதுபடின், வாயுவோ உப்புநீரோ மேலடுக்கில் கசிய இடமுண்டு.

நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேனை எடுப்பது வேறுமுறை. அங்கே நிலக்கரி அடுக்கின் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் வாயு பிரியும். மன்னார்குடிப் பகுதியில் 2010-இல் இத்தகைய திட்டம் ஒன்று முன்வந்தபோது, உழவர்கள் தங்கள் நீரைக் குறித்து அஞ்சி எதிர்த்தனர்; திட்டம் நடைபெறாது நின்றது. பின்னர், 2020-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், காவிரிப் படுகையின் வேளாண் மண்டலத்தில் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன் ஆகியவற்றிற்கான புதிய துளைகளைத் தடை செய்தது.

கிணற்று நச்சுக்காற்று

இவ்விடத்தில் ஓர் உயிர்காக்கும் செய்தியைக் கூறுவது நம் கடமை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் இறங்கி மயங்கி விழுவோரைக் கொல்வது பெரும்பாலும் ஆழத்து எரிவாயுவன்று. அழுகிய தழைகளிலிருந்து எழும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதாகையால் அடியில் தேங்குகிறது, பிராணவாயு குறைந்துவிடுகிறது. கிணற்றுக்குள் எண்ணெய் எஞ்சின் ஓட்டினால் அதன் புகையும் கொல்லும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை நம்புதல் தகாது. எஞ்சின் புகையிலுள்ள நச்சை விளக்கு காட்டாது. மீத்தேன் இருப்பின் அதுவே தீப்பற்றும். இறங்குமுன் நல்ல காற்றைச் செலுத்துக. இடுப்பில் கயிறு கட்டுக. மேலே ஆள் நிறுத்துக. முதல்வர் மயங்கினால், மீட்கும் பொருட்டு மற்றவர் வெறுமனே இறங்கலாகாது. உடனே தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும்.

நெசவாளர் பங்கு

நீர் உழவரின் கவலை மட்டுமே என்று நெசவாளர் எண்ணுதல் ஆகாது. பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அவ்வுப்பு நூலில் தங்குவதில்லை. கழிவுநீரோடு முழுவதும் வெளியேறுகிறது. குழியில் விட்டால் மக்கிய பாறையினூடே அடுத்த கிணற்றுக்குச் செல்லும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. பாறை நாட்டில் இருப்பு சிறிதாகையால் அது விரைவில் கெடுகிறது.

நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் உழவர் நலனுக்கென அணை கட்டினர். 1990-களில் திருப்பூர்ச் சாயக் கழிவு அதில் தேங்கிற்று. பாசன நீர் நஞ்சாயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை அங்குள்ள நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவர் நிலம் இழந்தனர். தொழிலாளர் வேலை இழந்தனர். இரு சாராரும் ஒரே நீரை நம்பியவர்களே.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவதாக, கிணற்றுக் கடன் மனு வந்தால், ஜாமீனைப் பார்ப்பதற்கு முன் கிணற்றைப் பாருங்கள். சுற்றிலும் 1,000 அடிக்குள் உள்ள கிணறுகள், துளைகள் யாவற்றின் ஆழத்தையும் நீர்மட்டத்தையும் கிராம வரைபடத்தில் குறித்து, நிர்வாகக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வோர் ஆண்டும் சித்திரையிலும் தையிலும் குறித்த சில கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து சங்கப் பலகையில் எழுதுங்கள். ஆந்திரத்தின் அனந்தப்பூர் முதலிய வறட்சி மாவட்டங்களில், 2003-க்குப் பிந்திய ஆண்டுகளில், உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, இருக்கும் நீருக்கேற்பப் பயிர் தேர்ந்துகொள்ளும் முறையைப் பழகினர். அவர்களுடையதும் பாறை நிலமே.

மூன்றாவதாக, தனித்தனியே ஆழப்படுத்துவதைவிட, அண்டைத் தோட்டத்தார் கூடி ஒரு கிணற்றைப் பயன்படுத்தவும், சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கவும், குளத்தைத் தூர்வாரவும் கடனும் முயற்சியும் செல்லட்டும். மழைநீரைக் கிணற்றுக்குள் விடுவோர் வண்டல் தொட்டி வைத்து வடித்தே விட வேண்டும். சாயநீரையோ சாலை ஓட்டத்தையோ துளைக்குள் விடுதல் பெரும்பிழை.

நாம் கண்ட அவ்விரு தோட்டக்காரர்களும் தீயவர்கள் அல்லர். ஒருவரையொருவர் வஞ்சிக்க எண்ணியவர்களும் அல்லர். தத்தம் வேலிக்குள் தத்தம் நீர் இருக்கிறது என்று நம்பினர், அவ்வளவே. அந்நம்பிக்கைக்கு நாமும் கடன் கொடுத்தோம். வேலி மண்ணின் மேலேதான் உண்டு, அடியில் இல்லை. இதை அங்கத்தினர் உணர்ந்தால், அடுத்த மனுவை ஒருவர் தனித்து எழுதாமல், இருவரும் சேர்ந்து எழுதுவர்.

படிப்புக் குழுவில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் ஊர் பாறை நாட்டைச் சேர்ந்ததா, மணல் நாட்டைச் சேர்ந்ததா? கிணறு தோண்டியபோது கண்ட அடுக்குகளை வரிசையாகக் கூறுக.

2. உங்கள் தோட்டப் பயிர் எத்தனை ஏக்கரின் மழை வரவை உண்கிறது? மேலே காட்டிய முறையில் கணக்கிடுக.

3. கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் சங்கம் கிணறுகளுக்கு அளித்த கடன்களால் ஊரில் நீர் கூடிற்றா, இடம் மாறிற்றா?

4. உங்கள் ஊர்ச் சாயநீர் இறுதியில் எங்கே செல்கிறது?